மலை இறங்கும்போது பிரேக் பெடல் கீழே போகிறது, வண்டி வலது பக்கம் இழுக்கிறது: 2009 இன்னோவா, உதவி தேவை

கொக்கிரகுளத்துக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2009 மாடல் டீசல் இன்னோவா. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக், ஏபிஎஸ் கிடையாது. ஓட்டம் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அப்பா, அம்மா, அத்தை, பிள்ளைகள் என்று வீடே ஒன்றாகக் கிளம்ப எங்களுக்கு இருப்பது இந்த ஒரு வண்டிதான்.

போன வாரம் ஆரியங்காவு கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினோம். புளியரைக்கு இறங்கும் எஸ் வளைவில் முன்னால் லாரி வரிசை, ஊர்ந்து ஊர்ந்துதான் இறங்க முடிந்தது. பிரேக்கில் வைத்த காலை எடுக்கவே முடியவில்லை. பாதிக்கு மேல் இறங்கியதும் பெடல் மெத்தென்று ஆகிவிட்டது. மிதித்தால் ஏறக்குறைய தரை வரை போகிறது, விட்டு விட்டு இரண்டு மூன்று மிதி மிதித்தால்தான் பிடிக்கிறது. கருகிய வாடை வேறு. எப்படியோ கீழே வந்து ஓரம் கட்டினோம். கொஞ்ச நேரம் நின்ற பிறகு பெடல் பழையபடி ஆகிவிட்டது. தென்காசி, ஆலங்குளம் வழியாக வீடு வந்து சேரும் வரை ஒரு தொந்தரவும் இல்லை.

இது தவிர, பிரேக் பிடித்தால் வண்டி வலது பக்கம் இழுக்கிறது. சாரல் விழுந்து ரோடு ஈரமாக இருந்தால் இன்னும் அதிகம். வலது முன் வீல் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே அனல் அடிக்கிறது, இடது முன் வீலில் அவ்வளவு சூடு இல்லை. பிரேக் ஆயில் மட்டம் குறைகிறது, ஊற்றி வைத்தாலும் மறுபடி இறங்குகிறது. ஹேண்ட் பிரேக் ஏற்றத்தில் நிற்பதில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி அரை வீல் தண்ணீரில் நின்றது. அப்போது என்ஜின் ஆயில், கியர் ஆயில், பின் ஆக்ஸிலில் இருக்கிற க்ரவுன் ஆயில் எல்லாம் மாற்றினோம். பிரேக்கில் அப்புறம் முன் பேட் மட்டும் ஒரு தடவை மாற்றியிருக்கிறது.

ஒரு பட்டறையில் மாஸ்டர் சிலிண்டர் (மிதித்தால் ஆயிலை வீல்களுக்குத் தள்ளுவது) போய்விட்டது என்கிறார்கள். இன்னொரு இடத்தில் வலது கேலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அமுக்குவது) ஜாம், அதை மாற்ற வேண்டும் என்கிறார்கள். இரண்டையும் வாங்கிப் போட்டுப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. ஆடி அமாவாசையை ஒட்டி சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போக வேண்டும், பாபநாசம் மலை ஏறி இறங்கணும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

தென்காசி டிரைவர்:

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இந்த வண்டியை எடுக்காதீர்கள். டவுனுக்குள் நன்றாகப் பிடிக்கிறதே என்று நினைக்க வேண்டாம். சூடு ஏறினால்தான் இந்தக் கோளாறு வெளியே வரும், அந்தச் சூடு மலை இறக்கத்தில்தான் ஏறும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்கிற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவு 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கேலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவியை அமுக்கலாம், ஆயிலை அமுக்க முடியாது. அதனால்தான் மிதி முழுக்க ஆவியை நசுக்குவதிலேயே போய்விடுகிறது, வீலுக்கு அழுத்தம் போவதில்லை. ஆறினால் ஆவி திரும்ப ஆயிலாகிவிடும், பெடலும் சரியாகிவிடும்.

இன்னொரு வகையும் உண்டு. பெடல் கல் மாதிரி இருக்கும், முழு பலத்தோடு மிதித்தாலும் வண்டி நிற்காது. அது பேட் சூடேறி பிடிப்பை விடுவது. உங்களுக்கு மெத்தென்று போயிருக்கிறது, அதனால் ஆயில்தான். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

வள்ளியூர் பழைய ஆம்னி:

எங்கள் வண்டியிலும் மலை இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போனது. மிதிக்குப் பலம் கூட்டுகிற பூஸ்டருக்குப் போகிற வேக்கம் ஹோஸ் வெடித்திருந்தது. ஹோஸ் மாற்றியதும் சரியாகிவிட்டது. அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பட்டறை அண்ணாச்சி, தச்சநல்லூர்:

தம்பி, சாமான் வாங்குவதற்கு முன்னால் காசு செலவில்லாமல் பார்க்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, வீலுக்குக் கல் வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

என்ஜினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள். பூஸ்டரில் இருக்கிற வேக்கம் தீர்ந்து பெடல் இறுகிவிடும். அப்படியே மிதித்துப் பிடித்துக்கொண்டு என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் லேசாக இறங்கினால் பூஸ்டர் நன்றாக இருக்கிறது. இறங்கவில்லை என்றால் பூஸ்டர், ஹோஸ், வேக்கம் பம்ப் மூன்றில் ஒன்று. டீசல் வண்டியில் பூஸ்டருக்கு வேக்கம் தருவது தனி பம்ப். ஆனால் வேக்கம் போனால் பெடல் இறுகும், மெத்தென்று ஆகாது. வள்ளியூர்க்காரர் சொன்ன கோளாறு நிஜமானதுதான், உங்கள் வண்டியின் குணத்தோடு அது சேரவில்லை.

அடுத்தது, என்ஜின் ஓடும்போது பெடலை நடுத்தரமாக மிதித்து ஒரு நிமிஷம் அப்படியே பிடியுங்கள். பிறகு லேசாக மிதித்தும் அதே மாதிரி பாருங்கள். பெடல் மெல்ல மெல்ல தரைக்கு இறங்கி, வெளியே எங்கேயும் ஒழுகல் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் உள்ளுக்குள்ளேயே ஆயிலை விடுகிறது என்று அர்த்தம். அப்படி இறங்காத மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

மூன்றாவது, நாலு வீலுக்கும் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். டயரின் உள்பக்கச் சுவரிலும் டிரம்முக்குப் பின்னால் இருக்கிற தகட்டிலும் ஈரம் இருக்கிறதா? இருந்தால் விரலில் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக, காரமான வாடையோடு இருந்தால் ஆக்ஸில் சீல் வழியாக வருகிற க்ரவுன் ஆயில். தண்ணீர் மாதிரி நைசாக இருந்தால் பிரேக் ஆயில், டிரம்மை உரசிப் பிடிக்கிற ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் விடுகிறது. பார்த்த கையைக் கழுவிவிடுங்கள், அது பெயிண்டையே தின்கிற சாமான்.

கொக்கிரகுளத்துக்காரன்:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னபடியே பார்த்துவிட்டேன்.

ஸ்டார்ட் செய்ததும் பெடல் லேசாக இறங்கியது. ஒரு நிமிஷம் பிடித்துப் பார்த்ததில், லேசாக மிதித்தாலும் சரி, அழுத்தி மிதித்தாலும் சரி, நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆனால் முதல் மிதி கொஞ்சம் ஆழமாகப் போகிறது, அடுத்த மிதி மேலே நிற்கிறது. இடது பின் வீலின் உள்பக்கம் ஈரமாகப் புழுதி அப்பியிருக்கிறது. தொட்டால் நைசாக இருக்கிறது, கெட்ட வாடை இல்லை. மற்ற மூன்றும் காய்ந்திருக்கின்றன.

அப்படியானால் வலது முன் வீல் சூடாவது கேலிப்பர் ஜாம்தானா?

பட்டறை அண்ணாச்சி, தச்சநல்லூர்:

மாஸ்டர் சிலிண்டரைத் தொட வேண்டாம். பூஸ்டரும் நன்றாக இருக்கிறது.

வலது கேலிப்பர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். சூடான வீல்தான் கெட்ட வீல் என்று பலரும் நினைப்பார்கள், பட்டறைகளிலும் அதைத்தான் முதலில் கழற்றுவார்கள். ஒரு வீல் சூடாக இரண்டு காரணம் உண்டு. பிரேக்கை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கலாம், அது ஜாம். இல்லையென்றால் மற்ற வீல்கள் வேலை செய்யாமல் அந்த ஒரு வீலே வண்டியின் பாரம் முழுவதையும் பிடித்து நிறுத்துகிறது. இரண்டாவது என்றால் கோளாறு எதிர்ப்பக்கம் இருக்கிறது.

பிரித்துப் பார்ப்பது சுலபம். நான்குவழிச் சாலையில் பிரேக்கை அதிகம் தொடாமல் தனியாகக் கொஞ்ச தூரம் மெதுவாகப் போய்விட்டு, பிரேக்கைத் தொடாமல் வேகம் குறைத்து நிறுத்துங்கள். அப்போதும் வலது வீல் மட்டும் அனல் அடித்தால் அது ஜாம். பிரேக் பிடித்தால்தான் சூடாகிறது என்றால் அது உழைக்கிற வீல். இந்த நிலையில் ரோட்டில் விட மனமில்லை என்றால் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள், அதுவும் போதும். பிரேக்கை மிதித்துக் காலை எடுத்த பிறகு வீல் தாராளமாகச் சுற்றினால் கேலிப்பர் விடுகிறது என்று அர்த்தம்.

வண்டி பிரேக்கில் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் பிரேக் வேலை செய்கிறது. உங்களுக்கு வலது பக்கம் இழுக்கிறது, இடது பின் வீல் ஒழுகுகிறது, இடது முன் வீல் ஆறிக் கிடக்கிறது. எனக்கு இடது பக்கம்தான் சந்தேகம். நம்முடைய ரோட்டில் வலது பக்கம் இழுப்பது என்றால் எதிரே வருகிற வண்டிக்குள் இழுப்பது. இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இடது முன் கேலிப்பரைக் கழற்றி ஸ்லைடு பின்னைப் பாருங்கள். கேலிப்பர் அந்த இரண்டு பின் மேல்தான் நகர்ந்து வெளிப்பக்கப் பேட்டையும் டிஸ்க்கில் அமுக்குகிறது. வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் பின்னுக்கு மேலே இருக்கிற ரப்பர் உறைக்குள் தண்ணீர் புகுந்து, கிரீஸ் போய், துரு பிடித்துவிடுகிறது. பிறகு உள்பக்கப் பேட் மட்டும் உரசும். இரண்டு பேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தென்காசி டிரைவர்:

அண்ணாச்சி சொல்வது சரி. நாலு பேர் தூக்க வேண்டிய பாரத்தை ஒரு ஆள் தூக்கினால் அந்த ஆள்தான் முதலில் விழுவான். ஆயில் கொதித்ததும் அந்த வலது முன் வீலில்தான் இருக்கும்.

கொக்கிரகுளத்துக்காரன்:

அண்ணாச்சி, ஜாக்கியில் தூக்கிப் பார்த்தேன். வலது முன் வீல் தாராளமாகச் சுற்றுகிறது, ஜாம் இல்லை. எங்கள் தெருப் பட்டறைத் தம்பியை வைத்து மற்றதையும் கழற்றினோம்.

இடது முன் கேலிப்பரில் கீழே இருக்கிற ஸ்லைடு பின் அசையவே இல்லை. சுத்தியலால் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது, பின் முழுக்கத் துரு. உள்பக்கப் பேட் தகடு வரை தேய்ந்துவிட்டது, வெளிப்பக்கப் பேட் ஏறக்குறைய புதுசு. இடது பின் டிரம்மைத் திறந்தால் வீல் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் ஆயில் தேங்கி நிற்கிறது, ஷூ நனைந்து கறுத்துப் போயிருக்கிறது. உள்ளே ஷூ இடைவெளியைச் சரிசெய்கிற அட்ஜஸ்டர் துருவேறி இறுகிக் கிடக்கிறது. வண்டியின் பிரேக் ஆயில் டப்பாவில் இருக்கிற ஆயில் டிகாஷன் நிறத்தில் இருக்கிறது.

ஷூவை பெட்ரோலில் கழுவி, எமரி போட்டுத் தேய்த்து மாட்டிவிடலாம் என்கிறார் தம்பி. செய்யலாமா?

பட்டறை அண்ணாச்சி, தச்சநல்லூர்:

வேண்டாம் தம்பி. ஷூ மேல் இருக்கிற லைனர் ஆயிலைக் குடித்துவிட்டால் மேலே எவ்வளவு கழுவினாலும் உள்ளே இருப்பது சூட்டில் வெளியே வரும். ஷூவை இரண்டு பின் வீலுக்கும் ஜோடியாக மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மறுபடி இழுக்கும். வீல் சிலிண்டரும் அப்படித்தான், அதே வெள்ளத்தில்தான் வலதும் நின்றது. முன் பேட் இரண்டு பக்கமும் புதுசு. இடது டிஸ்க்கில் பள்ளம் விழுந்திருந்தால் லேத்துக்குக் கொண்டு போவதற்கு முன்னால் அளந்து பாருங்கள், குறைந்தபட்ச தடிமன் டிஸ்க்கிலேயே அடித்திருக்கும். டிரம்மில் அதிகபட்ச விட்டம் போட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் கடைசல் வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

ஸ்லைடு பின் இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டு, பிரேக்குக்கு என்று விற்கிற சிலிகான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண பேரிங் கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும், நீங்கள் திரும்ப இதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள். முன் ரப்பர் ஹோஸ் வண்டியோடு வந்ததாக இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வீங்கி வழி அடைத்திருக்கும்.

அட்ஜஸ்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, கையால் சுற்றும்படி விடுங்கள். முதல் மிதி ஆழமாகப் போவதற்கும் ஹேண்ட் பிரேக் நிற்காததற்கும் அதுதான் காரணம். ஷூ டிரம்மை விட்டுத் தள்ளி நிற்கிறது, ஒரு மிதி முழுக்க அந்த இடைவெளியை அடைக்கவே போய்விடுகிறது. ஹேண்ட் பிரேக் கேபிளை முதலில் டைட் வைத்துவிடாதீர்கள். ஷூவைச் சரியாக வைத்த பிறகும் நிற்கவில்லை என்றால்தான் கேபிள். டிரம் தூசியைக் காற்று அடித்து ஊதாதீர்கள், தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அதைச் சுவாசிப்பது நல்லதல்ல.

ஆயில் முழுவதையும் மாற்ற வேண்டும். மூடியிலோ மேனுவலிலோ போட்டிருக்கிற வகையை வாங்குங்கள், சீல் உடைக்காத டப்பாவாக. பிரேக் லைனில் இருக்கிற காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்று போங்கள், மேனுவலில் வேறு வரிசை இருந்தால் அதுதான் கணக்கு. ஒருவர் மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் வீலில் காற்று வெளியேறுகிற நிப்பிளைத் திறந்து மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். வண்டியில் இருக்கிற டப்பாவில் மட்டம் இறங்க விட்டால் காற்று இழுத்துவிடும், மறுபடி முதலிலிருந்து. இனிமேல் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

பேட்டை அக்கா:

நடுவில் என்னுடைய சந்தேகம் ஒன்று. எங்கள் வண்டி காலையில் எடுத்ததும் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்குக் கரகரவென்று சத்தம் போடுகிறது, பிறகு இல்லை. இதுவும் ஆபத்தா?

பட்டறை அண்ணாச்சி, தச்சநல்லூர்:

ராத்திரி ஈரத்தில் டிஸ்க் மேல் லேசாகத் துரு படியும், முதல் பிரேக்கில் உரசிப் போய்விடும். பயப்பட ஒன்றும் இல்லை அக்கா. நாள் முழுக்கக் கீச்சென்று கத்தினாலோ, இரும்போடு இரும்பு அரைக்கிற சத்தம் வந்தாலோ உடனே பேட்டைப் பாருங்கள்.

கொக்கிரகுளத்துக்காரன்:

எல்லாம் மாற்றியாகிவிட்டது. பெடல் முதல் மிதியிலேயே மேலே நிற்கிறது. காலி ரோட்டில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு பிரேக் போட்டேன், நேராக நிற்கிறது. இரண்டு முன் வீலும் ஒரே அளவு சூடு. ஹேண்ட் பிரேக் கேபிளைத் தொடவே இல்லை, ஏற்றத்தில் நிற்கிறது. ஆயில் மட்டத்தை பேனாவால் குறித்து வைத்திருக்கிறேன்.

பாபநாசம் மலைக்கு எடுக்கலாமா?

தென்காசி டிரைவர்:

கொஞ்ச நாள் பொறுத்து எடுங்கள். புதுப் பேட், புது ஷூ உடனே முழுப் பிடிப்பு தராது. ஆளில்லாத ரோட்டில் அறுபதிலிருந்து பத்து வரை நிதானமாகக் குறைத்து, இடையில் ஆற விட்டு, அப்படிப் பல தடவை செய்யுங்கள். சூட்டோடு முழுக்க நிறுத்தி மிதித்துக்கொண்டே நிற்க வேண்டாம். முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் திடீர் பிரேக் இல்லாமல் ஓட்டுங்கள். குறித்து வைத்த மட்டமும் அதுவரை இறங்காமல் இருக்கணும்.

மலையில் எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. காலை பிரேக்கிலேயே வைத்திருக்காமல், நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். நியூட்ரலில் விடவே கூடாது. என்ஜினை அணைத்து இறக்கினால் சில மிதியிலேயே பூஸ்டர் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். வாடை வந்தாலோ பெடல் கொஞ்சம் இறங்கினாலோ அகலமான இடம் பார்த்து நிறுத்தி ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிப்பு விழும். ஆள் கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கு மேல் ஆள், அதற்கு மேல் பொங்கல் பானை, அரிசி மூட்டை என்று ஏற்றினால் அவ்வளவையும் நிறுத்த வேண்டியது இந்தப் பேட்தான். சாமானைத் தனி வண்டியில் அனுப்பிவிடுங்கள்.