மறுமொழி: வெறுப்பால் எழும் பயங்கரவாதத்துக்குத் தமிழில் என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

நியூயார்க் மாநிலச் சட்டத்தில் வெறுப்பால் எழும் பயங்கரவாதச் செயல் தனிக் குற்றம். அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் விவாதத்தில் ஒருவர் கேட்டது:

> 'டொமெஸ்டிக் ஆக்ட் ஆஃப் டெரரிசம் மோட்டிவேட்டட் பை ஹேட்' என்று இவ்வளவு நீளமாக எதற்கு? 'வெறுப்புப் பயங்கரவாதம்' போதாதா?

தலைப்புச் செய்திக்கு அது போதும். சட்டத்துக்குப் போதாது. இந்தத் தொகைச்சொல்லில் வேற்றுமை உருபு மறைந்து நிற்கிறது. 'வெறுப்பைப் பரப்பும் பயங்கரவாதம்' என்றும் விரிக்கலாம், 'வெறுப்பால் விளைந்த பயங்கரவாதம்' என்றும் விரிக்கலாம். முதல் விரிவு பேச்சையும் எழுத்தையும் குற்றக் கூண்டுக்குள் இழுத்துவிடும். நியூயார்க் மாநிலச் சட்டம் குறிப்பது இரண்டாவதை மட்டுமே.

2019 டிசம்பரில் அம்மாநிலத்தின் மான்சி என்ற ஊரில், ஹனுக்கா என்ற யூதப் பண்டிகைக் கொண்டாட்டத்தின்போது யூத மதகுரு ஒருவரின் வீட்டுக்குள் ஒருவன் புகுந்து பலரைக் கத்தியால் வெட்டினான். காயமடைந்த முதியவர் ஒருவர் சில மாதங்களில் இறந்தார். 2020 ஏப்ரலில் நிறைவேறிய சட்டம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. இனம், நிறம், மதம் போன்ற அடையாளத்தின் காரணமாக ஐந்து பேரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ கொல்லவோ கடுமையாகக் காயப்படுத்தவோ கருதித் தாக்கி, அதில் ஒருவராவது இறந்தால் அது முதல்நிலைக் குற்றம். பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. 2022 மே மாதம் பஃபலோ நகரப் பல்பொருள் அங்காடியில் கறுப்பின மக்கள் பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றவன்தான் இக்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட முதல் ஆள்.

கவனியுங்கள்: மக்களை மிரட்டவேண்டும், அரசின் கொள்கையை வளைக்கவேண்டும் என்ற எண்ணத்தை இங்கே தனியாக மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இன்னாரை ஏன் தேர்ந்தெடுத்தான் என்ற காரணமே குற்றத்தின் உயிர். அந்தக் காரணப் பொருளைத் தமிழில் மூன்றாம் வேற்றுமை 'ஆல்' கச்சிதமாகத் தருகிறது. கையில் இருக்கும் உருபை ஏன் மறைக்கவேண்டும்?

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் நிலை வேறு. உள்நாட்டுப் பயங்கரவாதத்துக்கு 2001 முதல் அதில் வரையறை உண்டு. அந்தப் பெயரில் குற்றச்சாட்டும் இல்லை, தண்டனையும் இல்லை. 2015இல் தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில், கறுப்பின மக்களின் தேவாலயத்தில் விவிலிய வகுப்புக்கு வந்திருந்த ஒன்பது பேரைக் கொன்றவன் மீது 33 கூட்டாட்சிக் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. அவற்றில் ஒன்றுகூடப் பயங்கரவாதம் என்று பெயர் பெறவில்லை. வெறுப்புக் குற்றங்களே ஆதி உள்நாட்டுப் பயங்கரவாதம் என்று அப்போதைய தலைமை வழக்கறிஞர் லொரெட்டா லின்ச் அந்த வழக்கின்போது சொன்னார். மரண தண்டனையே கிடைத்தபின் பெயரில் என்ன இருக்கிறது என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். நிறைய இருக்கிறது. கொலை என்றால் பாதிக்கப்பட்டவர்கள் ஒன்பது பேர். பயங்கரவாதம் என்றால், அடுத்த ஞாயிறு தேவாலயப் படியேற அஞ்சிய ஒவ்வொருவரும் பாதிக்கப்பட்டவர்தான் என்று நீதிமன்றம் பதிவு செய்கிறது.

குழுவிலுள்ள ஈழத்து நண்பர் ஒருவர் 'பயங்கரவாதம்' என்ற சொல்லே வேண்டாம் என்கிறார். அவர் அச்சம் வெறும் அச்சமன்று. 1979இல் வந்த இலங்கைப் பயங்கரவாதத் தடைச் சட்டம் விசாரணையின்றிப் பதினெட்டு மாதம் வரை ஆட்களை அடைத்துவைக்க வழிசெய்தது. அந்தச் சொல் தமிழர் காதில் எப்படி விழும் என்பது நமக்குத் தெரியும். அமெரிக்காவிலும் இச்சொல் தடம் புரண்டிருக்கிறது. 2002இல் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் தெருக்கும்பல் மோதலில் பத்து வயதுச் சிறுமி உயிரிழந்தாள். அந்தக் கும்பலைச் சேர்ந்தவன் மீது மாநிலப் பயங்கரவாதச் சட்டத்தையே ஏவினார்கள். கும்பல் சண்டைக்கு அச்சட்டம் பொருந்தாது என்று 2012இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமான மேல்முறையீட்டு நீதிமன்றம் அவனுக்கு எதிரான தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. ஆகவே சொல்லைக் கைவிடுவதைவிட அதற்கு வேலி போடுவதே நல்லது என்பது என் நிலைப்பாடு. அந்த வேலிதான் 'செயல்'. 'வாதம்' என்று மட்டும் முடிந்தால் கொள்கைக்கே தண்டனை என்ற மயக்கம் வரும். 'செயல்' சேர்ந்தால் துப்பாக்கி தூக்கியவனோடு அது நிற்கும்.

'தீவிரவாதம்' வேண்டவே வேண்டாம். அது நம்பிக்கையின் அளவைச் சொல்கிறது. நடந்த கொடுமையைச் சொல்வதில்லை.

'உள்நாட்டு' என்பது இருக்கட்டும். ஆனால் அது குற்றவாளியின் குடியுரிமையைக் குறிப்பதில்லை, குற்றம் பெரும்பாலும் எங்கே நடந்தது என்பதைக் குறிக்கிறது என்று சொற்பட்டியலில் ஒரு வரி சேர்க்கவேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு: சட்ட மொழிபெயர்ப்புக்கு 'வெறுப்பால் எழுந்த உள்நாட்டுப் பயங்கரவாதச் செயல்', செய்திக்கும் கட்டுரைக்கும் 'வெறுப்புவழிப் பயங்கரச் செயல்'. 'வெறுப்புக் குற்றம்' ஏற்கெனவே வழக்கில் ஊன்றிவிட்டது, அதைத் தொடவேண்டாம். சுவரில் கிறுக்குவது முதல் கொலை வரை எதற்கும் அது பொருந்தும் என்பதால், இந்தப் புதிய குற்றத்துக்கு அதை நீட்டவும் வேண்டாம்.

'இன்டென்ட்' (என்ன செய்யக் கருதினான்), 'மோட்டிவ்' (ஏன் செய்தான்) இரண்டுக்கும் நம் பட்டியலில் 'நோக்கம்' என்றே இருக்கிறது. இந்தக் குற்றமே அந்த இரண்டின் வேறுபாட்டில்தான் நிற்கிறது. முன்னதற்கு 'உட்கருத்து', பின்னதற்கு 'தூண்டுகாரணம்' என்று பிரிக்கலாமா? வழக்கறிஞர் நண்பர்கள் சொல்லுங்கள்.