கோடை லீவில் மொட்டைமாடித் தோட்டம்: 6 வயது, 3 வயதுப் பிள்ளைகளோடு என்ன நடலாம்?

வேளச்சேரி வாணி:

எல்லோருக்கும் வணக்கம். வாடகை வீடு, மேலே மொட்டைமாடி. பத்துச் செடிப் பை வரை வைத்துக்கொள், தளத்தில் தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது என்று வீட்டுக்கார அம்மா சொல்லியிருக்கிறார். பையனுக்கு 6 வயது, பெண்ணுக்கு 3. லீவு விட்டாயிற்று. போனைப் பிடுங்கி வைத்தால் கையில் வேறு எதையாவது கொடுக்க வேண்டுமே என்று தோட்டம் ஆரம்பித்தோம்.

பையன் காலையில் போட்ட விதையைச் சாயங்காலம் தோண்டிப் பார்க்கிறான். முளை வந்திருந்தால் பிடுங்கிப் பார்த்துவிட்டு மறுபடி நட்டு வைக்கிறான். சின்னவளுக்குத் தண்ணீர் ஊற்றுவது மட்டும்தான் தோட்டம். நிறுத்தச் சொன்னால் அழுகை. ஆன்லைனில் வாங்கிய ‘குழந்தைகள் தோட்டப் பெட்டி’யில் கேரட், ஸ்ட்ராபெரி, லாவெண்டர் விதைகள் இருந்தன. எதுவும் தலை காட்டவில்லை. சீக்கிரம் முளைக்கிற, இந்த இரண்டு பேரையும் தாங்குகிற செடி ஏதாவது உண்டா?

தாம்பரம் சங்கர்:

சகோ, அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை போகும். அந்த வெயிலில் மொட்டைமாடியில் விதை போடுவது வீண் வேலை. கேரட்டுக்கு ஊட்டி, கொடைக்கானல் குளிர் வேண்டும். லாவெண்டரைச் சென்னையில் மறந்துவிடுங்கள். ஆடியில் ஆரம்பித்தால் அவரை, புடலை, பீர்க்கு எல்லாம் தானாக வரும்.

திருமங்கலம் பாட்டி:

சங்கர் தம்பி சொல்வது பயிருக்குச் சரி. ஆனால் ஆடியில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுமே! அவர்கள் கைக்குக் கிடைப்பது மே மாதம்தான், அதை வைத்துத்தான் ஏதாவது செய்யவேண்டும். நான் பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த வயதுப் பிள்ளைகளோடுதான் என் காலம் போனது.

வாணிம்மா, உன் பிள்ளைகள் இரண்டு பேரும் சரியாகத்தான் இருக்கிறார்கள், செடிதான் தப்பு. தோண்டுகிறவனுக்கும் ஊற்றுகிறவளுக்கும் ஏற்ற செடியாகப் பார்த்துக் கொடு.

முதலில் பெரியவன். மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஒரு கண்ணாடி டம்ளர் எடு. உள்பக்கம் சுற்றிலும் செய்தித்தாளை மடித்து வைத்து நனைத்துக்கொள். இரவு முழுக்க ஊறிய மொச்சையையோ தட்டைப்பயறையோ கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் செருகு. அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கட்டும், பயறு மட்டும் மூழ்கக் கூடாது. இரண்டு மூன்று நாளில் வேர் கீழே இறங்குவது கண்ணுக்கு முன்னால் தெரியும். அப்புறம் தண்ணீரை வடித்துவிட்டு டம்ளரைப் படுக்க வைக்கச் சொல். தாள் காயாமல் தெளித்துக்கொண்டே இரு. மறுநாள் பார்த்தால் வேர் நுனி வளைந்து மறுபடி கீழே பார்க்கும். உடனே டம்ளரை மறுபக்கம் திருப்பி வைப்பான் பார், இனி பையைத் தோண்ட நேரம் இருக்காது. அப்படியும் தோண்டினால் வெறும் மண் போட்ட ஒரு பையை அவனுக்கென்றே எழுதிக் கொடுத்துவிடு. பத்தில் ஒன்று போனால் என்ன?

சின்னவளுக்குப் புதினாவும் கொடிப்பசலையும். இரண்டும் தண்ணீருக்குப் பயப்படாதவை. கடையில் வாங்கிய புதினாக் கட்டில் தடித்த தண்டாகப் பார்த்து, இலையைக் கிள்ளிவிட்டு ஈர மண்ணில் செருகினால் போதும், வேர் பிடித்துவிடும். கொஞ்சம் நிழலான இடமாகப் பார்த்து வை. பசலை வெயிலையும் தாங்கும். அது காய்த்துக் கறுத்த பழம் வந்தால் நசுக்கி ஊதா மை எடுக்கலாம். சுவரில் தீற்றிவிடுவாள், வீட்டுக்கார அம்மா பார்ப்பதற்குள் துடைத்துவிடு. தண்ணீருக்கு வாளி வேண்டாம். அடியில் ஊசியால் துளை போட்ட தயிர் டப்பா ஒன்று கொடு. எத்தனை தடவை வேண்டுமானாலும் நடக்கட்டும், பைக்குப் போவது கொஞ்சம்தான்.

மூன்று வயது விரலுக்குக் கீரை விதை அகப்படாது. பயறு, வெண்டை, பூசணி விதை என்றால் ஒவ்வொன்றாக எடுத்துப் போடும். கீரை போட ஆசையென்றால் விதையை மணலோடு கலந்து தூவச் சொல். தண்டுக்கீரையும் அரைக்கீரையும் இந்த வெயிலுக்கு வரும், கொத்தமல்லி வேண்டாம். எறும்பு விதையை இழுத்துப் போகும், அதற்குப் பை ஓரத்தில் கொஞ்சம் ரவை தூவினால் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இந்த ரவை வேலையைப் பிள்ளைகள் தோட்டத்தை விட ரொம்ப அக்கறையாகச் செய்வார்கள்!

வெண்டை 45 நாள் வாக்கில் காய்க்கும். அது வரை பொறுமை இருக்காது என்றால் சமையலறை வெந்தயத்தை ஊறவைத்து, அகலத் தட்டில் மண் பரப்பி, வீட்டுக்குள் ஜன்னலோரம் வை. ஒரு வாரம் பத்து நாளில் கத்தரிக்கோலால் வெட்டி அடைமாவில் போட்டுவிடலாம். வெண்டைக்காய் பறிக்கும்போது சின்னவள் கையில் ஒரு துணியைச் சுற்றிவிடு, சுனை அரிக்கும்.

வேலை காலை ஏழரைக்குள், இல்லையென்றால் வெயில் தாழ்ந்தபின். செருப்பு இல்லாமல் மாடிப்பக்கம் விடாதே. கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பை வைக்காதே. சின்னவள் அதன் மேல் ஏறி நின்று எட்டிப் பார்ப்பாள்.

பல்லடம் அப்பா:

பாட்டி சொன்னதோடு சில விஷயங்கள்.

விதைக் கடையில் வாங்கும் வெண்டை, மக்காச்சோளம் போன்ற விதைகள் பல நேரம் ரோஸ் நிறத்திலோ பச்சை நிறத்திலோ இருக்கும். அழகுக்காக அல்ல, திரம் போன்ற பூஞ்சணக் கொல்லி பூசியிருக்கிறார்கள். அந்த விதையைப் பிள்ளைகள் கையில் தராதீர்கள். அவர்கள் போடுவதற்கு மளிகைச் சாமானிலிருந்து பயறு எடுத்துக்கொள்ளுங்கள்.

பூச்சிக்கு எல்லோரும் சொல்லும் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசல் இயற்கையானதுதான். ஆனால் அந்தக் கையால் கண்ணைத் தொட்டால் பிள்ளை அலறிவிடும். தெளிப்பது நம் வேலையாக இருக்கட்டும்.

அழகுக்கென்று அரளி, செங்காந்தள் வைக்காதீர்கள். செங்காந்தள் நம் மாநில மலர்தான், ஆனால் கிழங்கு முதல் விதை வரை நஞ்சு. ஆமணக்கு, குன்றிமணி விதைகளும் அப்படியே. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

பைக்கு அடியில் தட்டு வைத்தால் வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும். தளம் ஈரமாகாமல் இருக்க, செங்கல் மேல் பையைத் தூக்கி வைப்பது நல்லது. செம்மண்ணை மட்டும் நிரப்பினால் பாரம். பாதிக்குத் தென்னை நார்க்கழிவு கலக்கலாம். அது காய்ந்த கட்டியாகக் கிடைக்கும், அதை ஊறப்போட்டு உப்பவைப்பதும், உப்புப் போக இரண்டு தடவை அலசுவதும் 6 வயதுக்கு நல்ல வேலை. என் மகன் அதற்காகவே இன்னொரு கட்டி வாங்கச் சொல்லி நச்சரிக்கிறான்.

மண்ணில் விளையாடி முடித்ததும் நகத்தோடு சேர்த்துச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தருகிற குடற்புழு மாத்திரையையும் தவறவிடாதீர்கள்.

வேளச்சேரி வாணி:

பாட்டி, டம்ளர் வைத்தாயிற்று. தோண்டுவது நிற்கவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது. தொட்டியில் ஒரு சின்னக் கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. இன்று அதன் இலையில் காக்கா எச்சம் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது, தொட்டால் நகர்கிறது! என் மாமியார் நசுக்கச் சொல்கிறார், பையன் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். என்ன செய்வது?

திருமங்கலம் பாட்டி:

நசுக்காதே. அது வண்ணத்துப்பூச்சிப் புழு. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வரும். சின்னதில் எச்சம் மாதிரி இருக்கும், அப்புறம் பச்சையாகிவிடும். மெதுவாகச் சீண்டினால் தலைக்குப் பின்னால் சிவப்பாகக் கொம்பு இரண்டு நீட்டி ஒரு நாற்றம் விடும், பயப்பட வேண்டாம், கடிக்காது. கம்பளிப்பூச்சி வேறு. உடம்பெல்லாம் முடி இருந்தால் தொடவிடாதே.

மாமியாருக்குச் செடி முக்கியம், அதுவும் நியாயம்தான். புழு இருக்கும் இணுக்கை மட்டும் கிள்ளி ஒரு அகல வாய் டப்பாவில் போட்டு, மேலே கொசுவலைத் துணி கட்டு. காம்பில் ஈரப்பஞ்சு சுற்றினால் போதும். டப்பாவில் தண்ணீர் நிறுத்தினால் புழு விழுந்து செத்துவிடும். தினமும் புது இலை வேண்டும், எச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். உள்ளே ஒரு குச்சி சாய்த்து வை, கூடு கட்ட அது வேண்டும். கூடு கட்டியபின் ஒரு வாரம் பத்து நாள் ஆகும். வெளியே வந்ததும் இறக்கை காயும் வரை பையனைத் தொடவிடாதே.

இலை தீர்ந்தால் கடைக் கறிவேப்பிலையைப் போட்டுவிடாதே, மருந்து அடித்ததாக இருக்கும். பக்கத்து வீட்டில் எலுமிச்சை இருந்தால் கேட்டுப் பார், அந்தக் கொழுந்தையும் தின்னும்.