'ஸ்டாண்ட் பை' என்றால் துணை நிற்பதா, ஒதுங்கி நிற்பதா?

தறிவீட்டுப் பெண்: பில்லில் அளவு தப்பாக இருந்ததற்கு வாடிக்கையாளர் என்மேல் பழி போட்டார். மேனேஜர் அவருக்கு எழுதிய மெயிலில் 'ஐ ஸ்டாண்ட் பை ஹெர்' என்று ஒரு வரி. 'நான் ஒதுங்கிக்கொள்கிறேன்' என்று புரிந்துகொண்டு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. சரியான பொருள் என்ன?

ஓய்வுபெற்ற ஆசிரியர்: நிம்மதியாகத் தூங்கும்மா, அவர் உன் பக்கம்தான். பின்னால் ஆளைக் குறிக்கும் சொல் வந்தால், கஷ்டத்திலும் கைவிடாமல் துணை நிற்பது. தனியே வந்தால் 'தயாராக இரு' அல்லது கண்ணெதிரே நடப்பதைச் சும்மா பார்த்து நிற்பது. நீ பயந்தது இந்தக் கடைசிப் பொருளை. 'ஐ ஸ்டாண்ட் பை மை வேர்ட்ஸ்' என்றால் சொன்ன சொல் மாறமாட்டேன் என்று.

தேர்வுக்குப் படிப்பவன்: அப்போ 'ஸ்டாண்ட் அப் ஃபார்', 'பேக் அப்'?

ஓய்வுபெற்ற ஆசிரியர்: முதலாவது, ஒருவருக்காக நாலு பேர் முன்னால் வாய் திறந்து வாதாடுவது. இரண்டாவது, 'ஆமாம், அவள் சொல்வது நிஜம்' என்று வலு சேர்ப்பது. அதில் 'மீ' நடுவில்தான் வரும்: 'பேக் மீ அப்'. 'ஸ்டாண்ட் பை'யை அப்படிப் பிரிக்கவே கூடாது.

தறிவீட்டுப் பெண்: ரொம்ப நன்றி ஐயா. அந்த மெயிலை இப்போது மறுபடி படித்தேன், கண் கலங்கிவிட்டது.