அப்பத்தாவின் பின்கொசுவம்

குழு: கொப்புடையம்மன் துணை

திங்கள், இரவு 8:40

வள்ளி: பெரியம்மா, அப்பத்தா முழிச்சிருக்காங்களா? ஒரு விஷயம் கேக்கணும்.

வள்ளி: ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை பொங்கல் வைக்கிறோம். டீம்ல பொண்ணுங்க எல்லாரும் சேந்து கும்மி. நான்தான் சொல்லிக் குடுக்குறேன். சீலைக் கொசுவத்தைப் பின்னால வச்சுப் பின்கொசுவம் கட்டலாம்னு முடிவு பண்ணிருக்கோம்.

வள்ளி: [படம்]

வள்ளி: வாடகைக் கடையில இதைத்தான் காட்டுறாங்க. கொசுவத்தை முன்னாடியே தச்சு வச்சிருக்காங்க. இடுப்புல எலாஸ்டிக். பாவாடை மாதிரி மாட்டிக்கலாமாம்.

மதுரை அத்தை: பளபளன்னு இருக்கே. சாட்டினா?

வள்ளி: ஆமா அத்தை.

கார்த்தி அண்ணன்: நல்லாத்தானே இருக்கு. மாட்டுனோமா, ஆடுனோமான்னு போயிரலாம்.

பெரியம்மா: அத்தைகிட்ட, அதான் உன் அப்பத்தாகிட்ட, படத்தைக் காட்டுனேன். கண்ணாடியப் போட்டுட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. "கொசுவம் செத்துக் கெடக்கே, யாரு கட்டுனது?"ன்னு கேக்குறாங்க.

வள்ளி: ஏன், என்ன தப்பு அதுல?

பெரியம்மா: அவங்க சொல்ல நான் அடிக்கிறேன், இரு. "ஏத்தா வள்ளி, பின்கொசுவம்னா கொசுவத்தோட தலை இடுப்புக்கு மேல வெளிய மடங்கி விசிறியா நிக்கணும். தொங்கக் கூடாது. வழுக்குற சீலையில அது நிக்காது. நூல் சீலை எடு. நீ கும்மிக்குக் குனியக்குள்ள தச்சு வச்சது பின்னால தூக்கிக்கிட்டு வரும், கட்டுனது ஒடம்போட வரும்."

மதுரை அத்தை: ஆத்தா சொல்றது நெசம். எங்க காம்பவுண்ட்ல ஒரு பொண்ணு இதே மாதிரி வாடகைக்கு எடுத்துட்டு வந்துச்சு. உக்காந்து எந்திரிச்சதும் கொசுவம் ஒரு பக்கமா போயிருச்சு. பாவம், நிகழ்ச்சி முழுக்க கையை பின்னாலேயே வச்சிருந்துச்சு.

வள்ளி: அப்ப கண்டாங்கியே கட்டணுமா? என்கிட்ட இல்லையே.

பெரியப்பா: கண்டாங்கி இருந்தால் உத்தமம். இல்லையென்றால் எந்த நூல் சேலையும் ஆகும். ஆனால் கண்டாங்கி ஏன் இந்தக் கட்டுக்கு இவ்வளவு பொருத்தம் என்பதைத் தெரிந்துகொள். முன்பு நெய்த கண்டாங்கி நல்ல தடித்த பருத்தி, கட்டம் போட்டது, இரண்டு பக்கமும் பெரிய கரை. அகலம் இன்றைய சேலையை விடக் குறைவு, கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். வரப்பில் நடந்தாலும் கரையில் சேறு படாது. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது.

மதுரை அத்தை: காலு தெரிஞ்சாத்தான தண்டை தெரியும் அண்ணே 😊

பெரியப்பா: அதுவும் உண்டு.

வள்ளி: பிரெண்ட்ஸ்கிட்ட சுங்குடி இருக்கு. பரவாயில்லையா?

மதுரை அத்தை: எங்க ஊரு சுங்குடியக் கேக்குறியா! அது சாஃப்டா இருக்கும், கஞ்சி போட்டுத் தேச்சிரு. கொசுவம் நிக்கும்.

பெரியம்மா: வள்ளி, உனக்கு மட்டும் அத்தையோட கண்டாங்கி ஒண்ணை நாளைக்கு பஸ் பார்சல்ல போட்டு விடுறேன். பெட்டியில மூணு கெடக்கு. அரக்குல மஞ்சக் கட்டம் போட்டது வேணுமா, கறுப்பு வேணுமா?

வள்ளி: அரக்கு! அப்பத்தாவுக்கு முத்தம் 🙏

கார்த்தி அண்ணன்: ஒரு டவுட். மடிசாரும் பின்னாலதான சொருகுறாங்க? ரெண்டும் ஒண்ணா?

கும்பகோணம் சித்தி: இல்லப்பா. மடிசார்ல துணி காலுக்கு நடுவுல போகும். அதைப் பின்னால கொண்டு போய்ச் சொருகுறதுதான் கச்சம். அதுக்குத்தான் 9 கஜம் வேணும். பின்கொசுவத்துல கால் நடுவுல எதுவும் போகாது, 6 கஜமே போதும்.

கும்பகோணம் சித்தி: எங்க எதிர்வீட்டு மாமி கட்டுறதை நான் பக்கத்துல இருந்தே பாத்திருக்கேன். ஐயர் வீட்ல தலைப்பு வலது தோள்ல வரும், ஐயங்கார் வீட்ல இடது தோள்ல. கல்யாணத்துக்குக் கூறைப்புடவையும் அப்படித்தான் மடிசாரா கட்டுவாங்க. கூறைநாடுங்கிறது இங்க மயிலாடுதுறையிலதான் இருக்கு.

கார்த்தி அண்ணன்: மராத்திக்காரங்க நவ்வாரியும் அந்த மாதிரிதான? ஆபீஸ்ல கணேஷ் சதுர்த்திக்குக் கட்டிட்டு வருவாங்க.

கும்பகோணம் சித்தி: ஆமா, அதுவும் 9 கஜம், அதுலயும் பின்னால சொருகல் உண்டு. ஆனா அவங்க கட்டு வேற, மாமி கட்டு வேற.

காவ்யா மதினி: அத்தை, எங்க குடகுலயும் கொசுவம் பின்னாலதான்! என் கல்யாண போட்டோல பாத்திருப்பீங்களே.

பெரியம்மா: ஆமா காவ்யா! அன்னைக்கு மண்டபத்துல அத்தை உன் பின்னாலேயே சுத்திச் சுத்திப் பாத்தாங்க. "நம்ம கட்டு மாதிரியே இருக்கு"ன்னு என்கிட்ட சொன்னாங்க.

காவ்யா மதினி: கொசுவம் வரைக்கும் ஒண்ணு, முந்தானை வேற. எங்களுக்கு முந்தானை இடது கைக்கு அடியில வந்து, நெஞ்சை இறுக்கிச் சுத்தி, வலது தோள்ல முன்னால பின் குத்துவோம். தொங்க விட மாட்டோம். ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கும்.

வள்ளி: ஏன் மதினி பின்னால வந்துச்சு?

காவ்யா மதினி: எங்க பாட்டி சொல்ற கதை: அகத்தியர்கிட்ட இருந்து காவேரி ஆறா மாறி ஓடினப்ப, பலமுரின்னு ஒரு இடத்துல பொண்ணுங்க குறுக்க நின்னு தடுக்கப் பாத்தாங்களாம். தண்ணி வந்த வேகத்துல முன்னால இருந்த கொசுவம் பின்னால திரும்பிருச்சாம். அதுல இருந்து அப்படியே கட்டுறோம்னு சொல்வாங்க. துலா சங்கராந்திக்கு (ஐப்பசி மாசப் பொறப்பு) தலைக்காவேரி போறப்ப எங்க வீட்டுப் பொண்ணுங்க எல்லாரும் இந்தக் கட்டுதான்.

கும்பகோணம் சித்தி: கதை அழகா இருக்கு காவ்யா. அந்தத் தண்ணிதான் எங்க ஊர் வழியாவும் போகுது.

பெரியம்மா: அத்தைக்கு வாசிச்சுக் காட்டுனேன். "மலையில ஏறி எறங்குற பொம்பளையும் வயல்ல குனியுற பொம்பளையும் கொசுவத்தை முன்னால வச்சா காலு தட்டுமா தட்டாதா?"ங்கிறாங்க.

செவ்வாய், காலை 7:15

வள்ளி: பெரியம்மா, கட்டுற முறையை அப்பத்தா குரல்லயே அனுப்ப முடியுமா?

பெரியம்மா: [குரல் செய்தி 3:20]

கும்பகோணம் சித்தி: அக்கா, பின்னால மாடு கத்துறதுல பாதி கேக்கல. எழுதிப் போடுங்களேன்.

பெரியம்மா: எழுதுறேன். எனக்கும் இப்பதான் சில விஷயம் பிடிபடுது.

பெரியம்மா: "உள்தலைப்புல இருந்து ஆரம்பி. முந்தி பக்கம் இல்ல, மத்த முனை. அந்த முனையிலேயே மொதல்ல கொசுவம் மடி. மடிப்பு நாலு விரல் அகலம், எல்லாம் ஒரே அளவு. மடிச்ச கட்டை நடு முதுகுக்கு நேரா இடுப்புல வச்சு, ஒரு கையால அமுக்கிக்க."

பெரியம்மா: "மிச்ச சீலையை இடுப்பைச் சுத்தி இறுக்கமா கொண்டு வந்து அந்தக் கொசுவத்து மேலேயே போட்டுப் பிடி. சுத்துதான் கயிறு. அது இறுகலைன்னா ஒண்ணும் நிக்காது. மூச்சை வெளிய விட்டுட்டு இறுக்கு. கொசுவத் தலை சுத்துக்கு மேல ஒரு சாண் எட்டிப் பாக்கணும். அதை வெளிப்பக்கமா மடக்கி விரிச்சு விடு. அப்ப கரை வெளிய வந்து விசிறியா தெரியும்."

பெரியம்மா: "அப்புறம் முன்னால வந்து, மாருக்குக் குறுக்க ஏத்தி, இடது தோள்ல போடு. அதோட விட்டுறாத. தோள்ல இருந்து முதுகு வழியா எறக்கி, வலப்பக்கமா முன்னால கொண்டு வந்து இடுப்புல சொருகு."

வள்ளி: முந்தியைத் தொங்க விடக் கூடாதா? போட்டோல எல்லாம் தொங்குதே.

பெரியம்மா: "மேடைக்காகத் தொங்க விடுறாக. எங்க ஆத்தா ரவிக்கை போட்டதே இல்ல. முந்தி முதுகைச் சுத்தி வந்து இடுப்புல சொருகிக்கும், அதனால நாத்து நட குனிஞ்சாலும் மாராப்பு வெலகாது. மறைக்கவும் அதான், வேலைக்கு இடுப்பை வரிஞ்சு கட்டவும் அதான். கும்மியில குனிஞ்சு நிமிந்து கை தட்டுவியே, நீ தோளைப் பிடிப்பியா, தட்டுவியா?"

மதுரை அத்தை: இதை நான் ஆத்தாகிட்ட கேட்டதே இல்ல பாருங்க. கூடவே வளந்தேன்.

கார்த்தி அண்ணன்: அம்மா, நான் பொங்கலுக்கு வர்றப்ப அப்பத்தா கட்டுறதை வீடியோ எடுத்து வைக்கிறேன். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணுன்னு ரெண்டு கேமரா. கை போறது தெரியணும்.

பெரியம்மா: கேட்டேன். "சீலையை மட்டும் எடு, மூஞ்சி வேணாம்"ங்கிறாங்க.

கார்த்தி அண்ணன்: மூஞ்சியும் வேணும்னு சொல்லுங்கம்மா. எங்களுக்கு வேணும்.

வள்ளி: பெரியப்பா, அப்ப முன்கொசுவம் எப்ப வந்துச்சு? எல்லா ஊர்லயும் இப்ப அதுதான இருக்கு?

பெரியப்பா: முன்னால் கொசுவம் வைத்து இடது தோளில் முந்தியைத் தொங்கவிடுவதை நிவி என்பார்கள். ஆந்திரப் பக்கத்துக் கட்டு. அது இந்தியா முழுக்கப் பரவிய கதையில் ஒரு பெண்ணைச் சொல்லியாக வேண்டும். ஞானதானந்தினி தேவி. தாகூர் வீட்டு மருமகள். அவர் கணவர் சத்யேந்திரநாத் தாகூர் வெள்ளைக்காரர் காலத்து ஐ.சி.எஸ். பரீட்சையில் தேறிய முதல் இந்தியர், பம்பாய் மாகாணத்தில் வேலை. அங்கே பார்சிப் பெண்கள் கட்டுவதைப் பார்த்து, 1860-களில் தன் சேலைக்கட்டை மாற்றிக்கொண்டார். ஜாக்கெட், உள்பாவாடையோடு அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டு போனார். அதுவரை வங்காளத்துப் பெண்கள் சேலையை மட்டும் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்கள். வெளியே வர, நாலு பேர் நடுவில் உட்கார, அவர்களுக்கு இந்தக் கட்டு கை கொடுத்தது.

பெரியப்பா: ஆகவே முன்கொசுவத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதுவும் ஒரு தேவையில் பிறந்ததுதான். நம் ஊரில் டீச்சரும் நர்ஸும் கட்டி வந்தார்கள், பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் பார்த்துக் கட்டினார்கள். எனக்கு வருத்தமெல்லாம், அது வந்ததும் இது 'கிராமத்து வேஷம்' ஆகிவிட்டதே என்பதுதான். வயலில் நின்று உழைத்தவர்கள் யோசித்து யோசித்துக் கட்டிய கட்டு இது. எலாஸ்டிக் போட்டுத் தைத்தால் அந்த யோசனை எங்கே போகும்?

மதுரை அத்தை: அண்ணே, வாத்தியார் இன்னும் ரிடையர் ஆகலை 👏

புதன், இரவு 9:05

வள்ளி: பார்சல் வந்துருச்சு. கட்டிப் பாத்தேன்.

வள்ளி: [படம்] [படம்]

கும்பகோணம் சித்தி: அடேங்கப்பா!

பெரியம்மா: அத்தை பெரிசு பண்ணிப் பாக்கச் சொன்னாங்க. "கொசுவம் சரி. விசிறி ஒரு பக்கம் சாஞ்சிருக்கு, ஏன்னா மேல் மடிப்பு அகலம், அடி மடிப்பு ஒடுக்கம். பாவாடை நாடா மேலயே சுத்து வந்திருக்கு, அதான் வழுக்குது. நாடாவை ஒரு விரக்கடை எறக்கிக் கட்டு, சுத்து ஒடம்புல பிடிக்கட்டும்."

வள்ளி: கரெக்ட்! அதுதான் நழுவிக்கிட்டே இருந்துச்சு. பிரெண்ட்ஸோட சுங்குடி அகலம் கூட, தரையைத் தொடுது. அதுக்கு என்ன பண்றது?

பெரியம்மா: "கூடுன அகலத்தைப் பின்னால கொசுவத்துக்கே குடு, விசிறி பெருசா வரட்டும். முன்னால மேல்கரையை உள்பக்கமா மடிச்சு இறுக்கு. கணுக்கால் தெரியணும். தரையைக் கூட்டிக்கிட்டுப் போனா அடுத்தவ காலு மிதிச்சிரும்."

காவ்யா மதினி: பின் எத்தனை குத்தின வள்ளி?

வள்ளி: இடுப்புல ஒண்ணு, தோள்ல ஒண்ணு.

பெரியம்மா: "தோள்ல வேணும்னா வச்சுக்க. இடுப்புல குத்தாத, குனிஞ்சா நூலைக் கிழிச்சிரும். அது எங்க மாமியா எனக்குக் குடுத்த சீலை."

வள்ளி: எடுத்துட்டேன் அப்பத்தா!

வெள்ளி, மாலை 5:30

வள்ளி: [வீடியோ]

வள்ளி: ரெண்டு பாட்டு முழுசா ஆடுனோம். யாருக்கும் ஒண்ணும் அவுறல. வாடகைக் கடை சீலை எதுவும் எடுக்கவே இல்ல.

மதுரை அத்தை: கண்ணு பட்டுரும். சுத்திப் போடச் சொல்லு.

கார்த்தி அண்ணன்: வலது ஓரத்துல இருக்குற பொண்ணு யாரு, வடக்கத்தியா? சூப்பரா குனியுது.

வள்ளி: ஒடிசா பொண்ணு. அவளுக்கு நான்தான் கட்டி விட்டேன். நடக்குறதுக்கு லேசா இருக்குன்னு மத்தியானம் வரைக்கும் மாத்தவே இல்ல. கண்டாங்கி ஒண்ணு வேணும்னு கேக்குறா.

பெரியம்மா: அத்தை ரெண்டு தடவை பாத்துட்டாங்க. "கும்மி கொஞ்சம் வேகம், பாட்டை நிறுத்திப் பாடணும். சீலை நல்லாருக்கு"ன்னாங்க. பக்கத்து வீட்டுக்குப் போனை எடுத்துட்டுப் போயிருக்காங்க, இரு.

வள்ளி: சீலையை எப்படித் துவைக்க? மெஷின்ல போடலாமா?

பெரியம்மா: வந்துட்டாங்க. "மெஷின்ல போட்டுறாத. பழஞ்சீலை, சாயம் போகாது. பச்சத் தண்ணியில ஊற வச்சு அலசு, பிழியாத. வடிச்ச கஞ்சியைத் தண்ணியா கலந்து முக்கி எடு. நெழல்ல காயப் போடு. ஈரம் இருக்கக்குள்ளயே ரெண்டு பேரு ரெண்டு பக்கம் கரையைப் பிடிச்சு இழுத்து விடுங்க."

வள்ளி: சரி அப்பத்தா. பொங்கலுக்கு வர்றப்ப கொண்டு வர்றேன்.

பெரியம்மா: "கொண்டு வராத. ஒன்கிட்டயே இருக்கட்டும்."

பெரியப்பா: அந்த ஒடிசாப் பெண்ணுக்கு நெய்பவர்களிடம் நானே நேரில் போய்ப் பார்த்து வாங்குகிறேன். என்ன நிறம் வேண்டுமாம்?

வள்ளி: கறுப்புல சிவப்புக் கரை இருந்தா அதாம் பெரியப்பா. பணத்தை ஜிபே பண்ணிருவா.