டார்ச் பவளத்தில் பழுப்புக் கூழ்: மீதித் தலைகளைக் காப்பாற்ற முடியுமா?

ஈசூன் நீலம் (ஞாயிறு, மாலை 6.10)

வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறையில் 280 லிட்டர் பவளத் தொட்டி வைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதில் நான் உயிராக வளர்ப்பது ஒரு டார்ச் பவளம். எலும்புக் காம்பின் நுனியில் சதையும் நீண்ட கைகளுமாக விரிவதைத்தான் தலை என்கிறோம். 90 வெள்ளிக்கு வாங்கியபோது இரண்டே தலைகள். ஒவ்வொரு தலையும் பிளந்து பெருகி இப்போது ஒன்பது ஆகிவிட்டது. கோமாளி மீன் இணை இரவில் அதற்குள்தான் உறங்கும்.

வியாழக்கிழமை புதிதாக ஒரு சிறு பவளம் வாங்கிவந்தேன். அதற்கு இடம் வேண்டும் என்று டார்ச்சைத் தூக்கி, ஒரு நிமிடம் தட்டில் வைத்துவிட்டு, வலப்பக்கம் மாற்றினேன். சனிக்கிழமை காலை ஓரத்துத் தலை சுருங்கிக் கிடந்தது. மாலைக்குள் அதன்மேல் காப்பி மண்டி கலந்த சளி போல ஒன்று படிந்துவிட்டது. இன்று மூன்று தலைகள் இல்லை. சதை போன இடத்தில் வெள்ளை எலும்பு தெரிகிறது. தொட்டியின் மூடியைத் திறந்தால் அழுகிய மீன் வாடை வீசுகிறது.

அளவுகள்: வெப்பம் 26.5 டிகிரி, உப்பு அடர்த்தி 1.025, காரத்தன்மை 8.4, கால்சியம் 430, நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.06. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. வாங்கிய கடையில் கேட்டேன். "தொடாமல் விடுங்கள், தானாகத் தேறும்" என்றார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. என்ன செய்யட்டும்?

பொங்கோல் அலை (ஞாயிறு, மாலை 6.35)

இது பிரௌன் ஜெல்லி நோய். எனக்கும் வந்தது. கிருமிக்கொல்லி (ஆன்டிபயாட்டிக்) மாத்திரையைப் பொடித்துத் தொட்டி முழுவதற்கும் போட்டுவிடுங்கள். ஸ்கிம்மரை (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் மருந்து தங்கும்.

பழைய உப்பு (ஞாயிறு, மாலை 6.50)

பொங்கோல் நண்பரே, மன்னிக்க வேண்டும். தயவுசெய்து அதைச் செய்யச் சொல்லாதீர்கள். தொட்டியின் பாறைகளிலும் மணலிலும் இருக்கும் பாக்டீரியாக்கள்தாம் மீன்கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. கிருமிக்கொல்லி அவற்றையும் தாக்கும். ஒரு பவளத்தைக் காக்கப்போய் மீன்களையும் சேர்த்து இழக்க நேரும். அந்த மருந்துநீர் பிறகு சாக்கடைக்குப் போவதும் எனக்கு உறுத்துகிறது.

தங்கையே, மருந்து எது என்பதைப் பிறகு பேசுவோம். இதைப் படித்தவுடன் எழுந்து முதலில் அலைப் பம்புகளையும் மேலேற்றும் பம்பையும் நிறுத்துங்கள். அந்தக் கூழ் நீரோட்டத்தில் பிய்ந்து அடுத்த தலையில் விழுந்தால் அங்கேயும் தொடங்கும். மெல்லிய காற்றுக் குழாய் ஒன்றின் முனையைக் கூழின்மேல் வைத்து வாளிக்குள் உறிஞ்சி எடுங்கள். ஊதி அகற்றக் கூடாது, உறிஞ்சத்தான் வேண்டும். வாளி நீரில் குளோரின் வெளுப்பான் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்துக் கொட்டுங்கள். அதன் பிறகு பவளத்தை நீருக்கு அடியிலேயே ஒரு பாத்திரத்துக்குள் இறக்கி, பாத்திரத்தோடு வெளியே எடுங்கள். இந்த இரவு அது தொட்டிக்குள் இருக்கவே கூடாது.

அடுத்தது வெட்டுதல். உங்களுடையது கிளை டார்ச். ஒவ்வொரு தலையும் தனித்தனிக் காம்பில் நிற்கிறது, ஒன்றின் சதை இன்னொன்றோடு ஒட்டியிருக்காது. அதுதான் நமக்குக் கிடைத்த வாய்ப்பு. பவளம் வெட்டும் இடுக்கியால் நலமான தலைகளைக் காம்போடு பிரித்தெடுங்கள். சதை முடியும் கோட்டுக்குக் குறைந்தது இரண்டு சென்டிமீட்டர் கீழே வெட்ட வேண்டும். கூழ் படிந்த தலை பாதி உயிரோடு தெரிந்தாலும் நலமானவற்றோடு சேர்க்காதீர்கள். அதற்குத் தனி வாளி. 2011இல் என்னிடம் சுவர் போல வளரும் ஹாமர் பவளம் ஒன்று இருந்தது, 30 சென்டிமீட்டர் நீளம். அதன் சதை ஒரே தொடர்ச்சி. எங்கே வெட்டினாலும் உயிருள்ள சதையில்தான் வெட்ட வேண்டும். மனம் வராமல் ஒரு நாள் தள்ளிப்போட்டேன். மறுநாள் மாலை முழுவதும் போய்விட்டது. அந்த ஒரு நாளை இப்போதும் நினைக்கிறேன். அதனால்தான் இன்றே வெட்டச் சொல்கிறேன்.

அந்தக் கூழில் ஒரு துளியை அப்போது மகளின் பள்ளி நுண்ணோக்கியில் பார்த்தேன். நீண்ட அரிசி மணிகள் போல நூற்றுக்கணக்கான ஒற்றைச் செல் உயிர்கள் சுழன்றுகொண்டிருந்தன. சிலியேட்டுகள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் பழுப்பு உருண்டைகள். பவளத்தின் சதைக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தரும் நுண்பாசிதான் அது. சதையைத் தின்னும்போது பாசியையும் சேர்த்து விழுங்குகின்றன. கூழின் பழுப்பு நிறமே பவளத்தின் சொந்தப் பாசியின் நிறம்தான். பழைய வளர்ப்பு நூல்கள் இவற்றை ஹெலிகோஸ்டோமா என்று எழுதின. பின்னாளில் மரபணு வழியாகப் பார்த்தவர்கள் ஃபிலாஸ்டர் வகையைக் கண்டார்கள். அவற்றோடு பாக்டீரியாக்களும் கூட்டாக வேலை செய்கின்றன. ஆகவே பாக்டீரியாவை மட்டும் கொல்லும் மருந்து இங்கே அரை வேலைதான் செய்யும்.

வெட்டிய தலைகளுக்கு அயோடின் குளியல் கொடுங்கள். ஒரு லிட்டர் உப்புநீருக்கு 5 சதவீத லூகால் அயோடின் 5 முதல் 10 சொட்டு. பால் சேர்க்காத மெல்லிய தேநீர் நிறம் வரும். 10 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். குழாய்நீரில் கலக்காதீர்கள். சிங்கப்பூர்க் குழாய்நீரில் குளோரமின் இருக்கிறது, அதோடு உப்பில்லாத நீர் சதையையும் சிதைக்கும். குளித்த தலையை வேறு சுத்தமான உப்புநீரில் அலசி, புதிதாகக் கலந்த 20 லிட்டர் உப்புநீர் வாளியில் நிறுத்துங்கள். ஒரு சிறு பம்பு, ஒரு விளக்கு போதும். நம் ஊர் வீட்டுச் சூட்டில் வாளி நீர் எளிதாக 30 டிகிரியைத் தொடும். அதனால் குளிரூட்டி ஓடும் படுக்கையறையில் வைத்து, வெப்பமானியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் முழு நீரையும் மாற்றுங்கள்.

எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், உங்கள் கேள்வியிலேயே அது இருக்கிறது. நீர் அளவுகளில் குறையில்லை. வியாழக்கிழமை விரிந்திருந்த டார்ச்சைத் தூக்கி நீருக்கு வெளியே கொண்டுவந்திருக்கிறீர்கள். நீரில் மிதக்கும் சதைக்கு வெளியே வந்ததும் தாங்க ஆளில்லை. தன் எடையிலேயே தொங்கி, காம்பின் கூரான விளிம்பில் கிழியும். அந்தக் கிழிசல் வழியாகத்தான் இவை நுழைந்திருக்கும். இனி நகர்த்துவதாக இருந்தால் முதலில் விரலால் மெதுவாக வருடி, அது முழுவதும் உள்ளே சுருங்கிய பிறகு தொடுங்கள். கடையிலிருந்து வந்த புதுப் பவளத்தையும் கண்காணியுங்கள். அதை நேராகத் தொட்டியில் விட்டீர்களா?

ஈசூன் நீலம் (ஞாயிறு, இரவு 10.20)

அண்ணா, உடனே செய்துவிட்டேன். கை நடுங்கியது. வெட்டும்போது நான்காவது தலையிலும் கூழ் தொடங்கியிருந்ததைக் கண்டேன், அது தனி வாளியில் இருக்கிறது. ஐந்து தலைகள் நலமாகத் தெரிகின்றன. புதுப் பவளத்தை நேராகத்தான் விட்டேன். இனி அப்படிச் செய்ய மாட்டேன். ஒரு சந்தேகம்: கிருமிக்கொல்லியை இந்தச் சிறு வாளியில் மட்டும் பயன்படுத்தலாமா? சிப்ரோஃப்ளாக்சசின் என்று பல இடங்களில் படித்தேன்.

பழைய உப்பு (ஞாயிறு, இரவு 10.45)

தனி வாளியில் என்றால் அது வேறு பேச்சு. பலர் பயன்படுத்துகிறார்கள், பலன் கண்டவர்களும் உண்டு. ஆனால் இங்கே அது மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கும் பொருள் அன்று. மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள், அவர்களிடம் அளவைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் மீந்த மாத்திரை வேண்டவே வேண்டாம்.

ஃபுளோரிடாவில் 2014இல் மயாமி அருகே தொடங்கிய பவளத் திசு இழப்பு நோய் இருபதுக்கும் மேற்பட்ட இனங்களைத் தாக்கியது. அங்கே ஆய்வாளர்கள் அமாக்சிசிலினைக் களிம்பில் குழைத்து, முக்குளித்துப் போய், ஒவ்வொரு பவளத்திலும் புண்ணின் ஓரத்தில் மட்டும் கையால் பூசினார்கள். பல புண்கள் நின்றன. அதே பவளத்தில் வேறு இடத்தில் புதுப் புண்ணும் வந்தது, திரும்பப் போய்ப் பூசினார்கள். திறந்த கடலிலேயே மருந்தைப் புண்ணோடு நிறுத்த அவ்வளவு பாடுபட்டார்கள். நீங்களும் ஐந்து தலைகளையும் காலையும் மாலையும் விளக்கடித்துப் பாருங்கள்.

தூத்துக்குடிக் கரை (திங்கள், காலை 7.30)

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு சொல். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் கடினப் பவளங்கள் அனைத்தும் இருக்கின்றன. டார்ச்சும் அதில் அடங்கும். இங்கே அதை விற்பதும் வாங்குவதும் குற்றம். எங்கள் மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி, 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் நீருக்குள் போய்விட்டன. சட்டம் ஏன் வந்தது என்று எங்கள் கரையில் யாரும் கேட்பதில்லை. சிங்கப்பூர்ச் சகோதரியின் பவளம் தேறட்டும்.

ஈசூன் நீலம் (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

அனைவருக்கும் நன்றி. கூழ் தொடங்கிய தலை அன்றிரவே போய்விட்டது. ஐந்தில் ஒன்று நான்காம் நாள் காலை பழுப்புக் கூழ் படிந்து கிடந்தது, உடனே அப்புறப்படுத்திவிட்டு மற்றவற்றுக்கு மீண்டும் அயோடின் குளியல் கொடுத்தேன். மருத்துவரிடம் போகத் தேவை ஏற்படவில்லை. நான்கு தலைகள் பிழைத்துவிட்டன. ஒன்பதாம் நாள் முதல்முறையாக மொட்டுக் கைகளை நீட்டின, அந்தப் பச்சை நுனிகளைப் பார்த்து அழுதுவிட்டேன். இப்போது பெரிய தொட்டிக்குத் திரும்பிவிட்டன. கோமாளி மீன்கள் உள்ளே புகுந்து தேய்க்காமல் இருக்க, சுற்றிலும் பிளாஸ்டிக் வலை வைத்திருக்கிறேன். இரண்டும் வலைக்கு வெளியே நின்றுகொண்டே இருக்கின்றன. எப்போது திறக்கலாம், அண்ணா?

பழைய உப்பு

நான்கு! மனம் நிறைந்தது, தங்கையே. காம்பின் விளிம்பைப் பாருங்கள். சதை அதைத் தாண்டி வெளிப்பக்கம் மடிந்து இறங்கியிருக்க வேண்டும். நான்கு தலைகளிலும் அப்படித் தெரிந்த பிறகு வலையை எடுங்கள். அதுவரை மீன்கள் வெளியே உறங்கட்டும்.