தபால் ஆபீஸுக்குப் பேர் வைக்க ஒரு சட்டமா?

பார்சல்காரன்:
கலிஃபோர்னியாவில் டெமெக்குலா தபால் ஆபீஸ் வரிசையில் நிற்கும்போதுதான் கவனித்தேன், அதற்கு தலீப் சிங் சவுந்த் பேர். பஞ்சாபில் பிறந்து, 1956 தேர்தலில் ஜெயித்து அமெரிக்க காங்கிரஸுக்குப் போன முதல் இந்திய வம்சாவளிக்காரர். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பேருக்காக 2005இல் இரண்டு அவைகளும் மசோதாவை நிறைவேற்றி, ஜனாதிபதி புஷ் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அண்மைக் காலச் சட்டங்களில் ஐந்தில் ஒன்று போல இந்த வகைதான். வேறு வேலையே இல்லையா இவர்களுக்கு?

கடுதாசி:
சட்டம் என்றதும் மலைக்காதீர்கள். முகவரி மாறாது, ஜிப் கோடு மாறாது. உள்ளே ஒரு பலகை, அவ்வளவுதான். ஹூஸ்டன் பக்கம் தலைப்பாகையோடு ஷெரிஃப் துறையில் வேலை பார்த்த சந்தீப் சிங் தலிவால் 2019இல் பணியில் இருக்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே ஒரு தபால் ஆபீஸுக்கு அவர் பேர். ஸ்டாம்ப் வாங்க அம்மாவோடு வரும் பிள்ளை "இது யாரு?" என்று கேட்டால் போதாதா?

பார்சல்காரன்:
கேட்டால் சரி. நான் பார்த்தவரை எல்லாரும் குனிந்து போனைத்தான் பார்க்கிறார்கள்.

எதிர்க்காற்று:
நேரம் வீண் என்பது சின்ன விஷயம். அதே 2005இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் நடந்ததைப் பாருங்கள். மோடெல் ஷிரெக், அடிமைகளின் பேத்தி. நகர மன்றத்தில் இருபது வருஷம் இருந்தவர். தொண்ணூறு வயதிலும் காய்கறி வாங்கி வந்து முதியோர் மையத்தில் சமைத்துப் போட்டவர். 'வயசானவங்களுக்குச் சமைக்கிறேன்' என்பாராம், தன் வயதை மறந்து! அந்த ஊரின் காங்கிரஸ் உறுப்பினர் பார்பரா லீ, அங்குள்ள தபால் ஆபீஸுக்கு அவர் பேர் வைக்க மசோதா கொண்டுவந்தார். அயோவா மாநில உறுப்பினர் ஸ்டீவ் கிங் எழுந்து, ஷிரெக்குக்கு இடதுசாரித் தொடர்பு, அமெரிக்க மதிப்பீடுகளுக்கு ஆகாதவர் என்றார். ஆதரவு 190, எதிர்ப்பு 215. மசோதா காலி. பெர்க்லி தபால் ஆபீஸில் அயோவாக்காரருக்கு என்ன வேலை? அந்தந்த ஊரே முடிவு செய்யட்டும்.

கடுதாசி:
தபால்துறை மத்திய அரசுடையது, ஊர் மன்றம் எப்படிப் பேர் வைக்கும்? ஊரிடம் விட்டாலும் ஆள்பலம் உள்ளவன் தாத்தா பேர்தான் வரும். கவிஞர் மாயா ஏஞ்சலோ பேரை ஒரு தபால் ஆபீஸுக்கு வைக்கவும் 2016இல் எதிர்ப்பு வந்தது. கியூபாவின் காஸ்ட்ரோவை ஆதரித்தவர் என்று சாக்குச் சொல்லி ஒன்பது பேர் எதிர்த்தும், 371 ஓட்டில் நிறைவேறியது. எல்லாமே தோற்றுப்போவதில்லை.

எதிர்க்காற்று:
ஏஞ்சலோவை உலகத்துக்கே தெரியும். ஷிரெக்கை அந்த ஊருக்குத்தான் தெரியும். யாருக்குப் பலகை அதிகம் தேவை, சொல்லுங்கள். பெர்க்லி சும்மா இருக்கவில்லை, 2007இல் தன் பழைய நகர மன்றக் கட்டடத்துக்கு அவர் பேரை வைத்தது. அப்போது அவர் உயிரோடு இருந்தார். எந்த அயோவாக்காரரிடமும் கேட்கவில்லை.

பார்சல்காரன்:
சவுந்துக்குத் தலையாட்டிய அதே சபைதான் இந்த அம்மாவுக்கு முடியாது என்றதா? இது தெரியாமல்தான் நேரம் வீண் என்று ஆரம்பித்தேன். ஆனாலும் நகர மன்றக் கட்டடத்துக்குள் சும்மா யார் போகப்போகிறார்கள்? வரி கட்டவோ சண்டை போடவோதான் போவார்கள். தபால் ஆபீஸ் அப்படி இல்லையே.