ஸ்கேன் நார்மல்னு சொல்லி அனுப்பின பிறகு

மார்த்தாண்டம்_குழு:
எங்க குழுவுல ஒரு அக்கா, புருசன்கிட்ட அடிபட்டவ. ரப்பர் பாலுக்கு ஆசிட் ஊத்தியாச்சான்னு அந்தக்காவுக்கு நினைவில்ல. திரும்பவும் ஊத்திட்டாவ. பால் சட்டுனு கட்டியாகி, உருளையில விட்டா ஷீட் இழுபடல்ல. புருசன் தலையைப் பிடிச்சுச் சுவர்ல மோதி இருபது நாள் ஆயிருந்துது. ஆஸ்பத்திரியில ஸ்கேன் நார்மல்னு அனுப்பிட்டாவ. "வேலைக்கு மடிச்சு நடிக்கா"ன்னு மாமியார் சொன்னது இன்னும் காதுல நிக்குது. சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவும் எலும்பு முறிவும்தான் காட்டும். மூளை குலுங்கினதால வர்ற மறதி, வெளிச்சக் கூச்சம், அசதி அதுல தெரியாது. ஷெட்டுச் சுவர்ல சிலேட்டு மாட்டினோம்: வடிகட்டு, தண்ணி, ஆசிட், கலக்கு. ஒண்ணு முடிஞ்சா ஒரு கோடு. அதுக்கப்புறம் ஆசிட் தப்பல்ல.

நர்ஸ்_குளச்சல்:
எனக்கு மறக்காதது, அடிபட்டு வந்த ஒரு பொண்ணோட கம்மின குரல். "தொண்டை கட்டியிருக்கு"ன்னு மட்டும் சொன்னாங்க. கழுத்தை நெரிச்சானான்னு அதுக்கு முன்னால யாரும் கேட்கல்ல. வெளியே தடமே இல்லாமலும் இருக்கும். விழுங்க வலி, கண் வெள்ளையில சிவப்புப் புள்ளி இருக்கான்னு பாருங்க. கழுத்து ரத்தக்குழாய் கிழிஞ்சிருந்தா நாலு நாள் கழிச்சும் பக்கவாதம் வரலாம், அதனால தலை ஸ்கேனோட நிறுத்தக் கூடாது. கூட வந்தவனை ஓ.பி. சீட்டு எடுக்க அனுப்பிட்டுத் தனியா கேளுங்க. அவன் பக்கத்துல நின்னா "வழுக்கி விழுந்தேன்"னுதான் வரும், ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டுலயும் (ஏ.ஆர்.) அதுவே ஏறிடும்.

வடசேரி:
சிலேட்டு நல்ல யோசனைதான், ஆனா ஷெட்டு அந்தப் புருசன் கண்ணுல படுற இடம். ஆசிட் கணக்கு எழுதலாம், ஆஸ்பத்திரி தேதி எழுதக் கூடாது. அது பக்கத்து வீட்டு நோட்டுல இருக்கட்டும்.

புகார் மனு எழுதும்போது, தலையில அடிபட்ட ஒருத்தர் மூணு தடவை மூணு தேதி சொன்னாங்க. எழுதிட்டிருந்தவர் "பொய்"னு பேனாவை மூடிட்டார். தேதி கேட்கவே கூடாது. மண்டைக்காடு கொடைக்கு முன்னாலயா, கோட்டாறு சவேரியார் திருவிழா கழிஞ்சான்னு கேட்டா வரும். காலையில உட்காருங்க, அரைமணி நேரம் போதும், மீதி மறுநாள். டியூப்லைட்டை அணைச்சு ஜன்னல் பக்கம் உட்கார வையுங்க. மாவட்ட சமூக நல அலுவலகத்துல பாதுகாப்பு அலுவலர் இருப்பாங்க. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல 20-ஆம் பிரிவுப்படி மருத்துவச் செலவும் கேட்கலாம், மாத்திரை பில், ஆட்டோ செலவு எதையும் தூரப் போடாதீங்க. ராத்திரின்னா பெண்கள் உதவி எண் 181.

மார்த்தாண்டம்_குழு:
நோட்டு விசயம் சரிதான், மாத்திடுறோம். இப்ப அந்தக்காவுக்குத் தலைவலி கூடுது, பகல் முழுக்கத் தூங்குறாவ.

நர்ஸ்_குளச்சல்:
வலது கையோ இடது கையோ தளருதா பாருங்க. மண்டைக்குள்ள ரத்தம் மெதுவாக் கட்டிட்டு வந்தா வாரக்கணக்குல கழிச்சுத்தான் தெரியும், பழைய ஸ்கேனை நம்பாதீங்க. 108 கூப்பிட்டு இப்பவே ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.